பினாங்கு பாங்குக்கு அக்கா போட்ட கையெழுத்து

பதினான்கு கேள்விகள். மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் பதினான்குதான். உமது தொழில் என்ன? தொழில் நடத்தும் இடம் எது? இந்நகரில் எத்தனை வருடமாக வசிக்கிறீர்? உம்மை நேரில் அறிந்த, எங்கள் பாங்கில் கணக்கு வைத்திருக்கும் கனவான் யார்? இப்படியே போயிற்று. 'இந்நகர்' என்றால் பினாங்கு. கேள்வி கேட்கப்பட்டவள் இண்டூரில் கேழ்வரகுக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த என் அக்கா. அவள் வாழ்நாளில் பார்த்த பெரிய பட்டணம் தருமபுரி, அதுவும் எங்கள் ஊரான அதியமான்கோட்டையிலிருந்து சிறுவயதில் அப்பாவோடு போனது. கடலைப் பார்த்ததே இல்லை. பதினான்கில் அவளால் பதில் சொல்ல முடிந்தவை மூன்று: பெயர், வயது, கைம்பெண்ணா என்பது. வயதுகூட உத்தேசம்தான்.

அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் அந்தத் தாளை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது.

அக்காவின் புருஷன், எனக்கு மாமா, பினாங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா. ஒன்பது வருஷத்தில் இரண்டு தடவை ஊருக்கு வந்தார். மூன்றாவது தடவை அவர் வரவில்லை, துரையின் கடிதம் வந்தது. காய்ச்சல், நான்கு நாள், அடக்கம் ஆகிவிட்டது. கடிதம் மொத்தம் பதினொரு வரி. அதில் ஏழு வரி மாமாவின் சாவைப் பற்றி, மீதி நான்கு வரி அவருக்குச் சேரவேண்டிய தொகையைப் பற்றி. அந்தத் தொகையை மனைவி பெயரில், அந்த நாட்டு பாங்கில், ஒரு கணக்கு இருந்தால்தான் கொடுப்பார்களாம். மணியார்டரில் அனுப்பக் கூடாதா என்று எழுதிக் கேட்டேன். தோட்டத்தின் விதி அதற்கு இடம் கொடுக்கவில்லை என்று பதில் வந்தது. கூலிக்காரர்களுக்காக அங்கே ஒரு சர்க்கார் ஆபீஸ் இருந்தது. அதற்கும் எழுதினேன். இறந்தவர் கூலி அல்ல, கிராணி, ஆகவே எங்கள் புத்தகத்தில் இல்லை என்றார்கள். கூலியாகச் செத்திருந்தால் வழி இருந்திருக்கும்.

தொகை எவ்வளவு என்று இங்கே எழுதப்போவதில்லை. அது அக்காவின் தொகை. ஆனால் அது எதற்கு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவளுக்குப் பிள்ளை இல்லை. மாமா போனதும் மூத்தார், அதாவது மாமாவின் அண்ணன், பஞ்சாயத்தில் சொன்னது இதுதான்: "காட்டுல பங்கு கெடையாது. சோறு உண்டு." சோறு உண்டு என்றால் அந்த வீட்டில் விடிவதற்கு முன் எழுந்து, இருபத்திரண்டு குடம் தண்ணீர் சுமந்து, எல்லோருக்கும் களி கிளறி, கடைசியில் சட்டியைச் சுரண்டுவது. நான் அப்போது இண்டூர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து அந்தக் குடங்களை எண்ணினேன், அதனால்தான் இருபத்திரண்டு என்று தெரியும்.

ஊர் எல்லையில் ஒரு கிணற்றுக்காடு விலைக்கு வந்தது. இரண்டு ஏக்கர், கற்கட்டு கட்டிய கிணறு, ஓரத்தில் ஒரு குடிசை. சொந்தக்காரர் ஒரு வயதானவர், மகள் வீட்டோடு போய்விடப் பார்த்தவர். அக்கா தானாகவே போய் அவரிடம் பேசிவிட்டு வந்தாள்.

"அவுங்க சம்பாரிச்ச காசுல எனக்குன்னு ஒரு அடுப்பு, ஒரு கெணறு. வேற ஒன்னும் வேணாம்டா" என்றாள்.

பெரியவரும் நல்ல மாதிரிதான். "தைக்குள்ள பணம் வந்துட்டாச் சரி அம்மணி. அதுவரைக்கும் வேற ஆளுக்குப் பேச மாட்டேன்" என்றார். அது இரண்டாவது உலகச் சண்டை தொடங்கியதற்கு மறுவருஷம். தைக்கு ஒன்பது மாதம் இருந்தது. ஒன்பது மாதம் போதும் என்று நாங்கள் நினைத்தோம்.

பினாங்கு வெளிநாடு என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கிருந்து வந்த உறையிலும் ராஜா தலை, இங்கிருந்து நான் ஒட்டிய தபால்தலையிலும் அதே ராஜா தலை. ஒரே ராஜா, ஒரே மூக்கு. ஆனால் அவருடைய ஒரு ஊர்க்காரியை அவருடைய இன்னொரு ஊர் பாங்கு நம்பாது.

எல்லாவற்றையும்விட அந்தக் 'கனவான்' கேள்விதான் எங்களை அலைக்கழித்தது. இண்டூர்ப் பெண்ணை நேரில் அறிந்த, பினாங்கில் கணக்குள்ள மனிதன் யார்? பதினேழு பேரை விசாரித்தேன். கடைசியில் தருமபுரியில் ஒரு புளி மண்டிக்காரர் அகப்பட்டார். பினாங்கில் எட்டு வருஷம் மளிகைக் கடை வைத்திருந்தவர், அங்கே கணக்கை இன்னும் மூடவில்லை. இண்டூரிலிருந்து ஒன்பது மைல். முதல் தடவை போனபோது அவர் சந்தைக்குப் போயிருந்தார். இரண்டாம் தடவை தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை பேசினார்.

"வாத்தியாரே, நான் கையெழுத்துப் போட்டுட்டு நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா, பாங்குக்காரன் என் கழுத்தையில்ல புடிப்பான்? அந்தம்மாவ நான் கண்ணால பாத்ததே இல்லியே. தெரியும்னு எப்பிடிங்க எழுதறது?"

"நியாயம்தானுங்க மொதலாளி. நாளைக்கே கூட்டியாந்துடறேன்."

"நாளைக்கா? நாளைக்கு வெள்ளிக்கெழமை. வேணாமுங்க."

"சனிக்கெழமை காத்தால?"

அவர் கல்லாப்பெட்டியைத் தடவிக்கொண்டே சிரித்தார். "காத்தாலன்னா போணி ஆவறதுக்கு முந்தியா? வாத்தியாரே, உங்களுக்குத் தெரியாததா? தாலியறுத்தவங்க மொகத்துல முழிச்சிட்டு நான் தராசப் புடிச்சா வெளங்குமா?"

எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததனால்தான் கொதித்தது. அவர் சொல்லச் சொல்ல மனதுக்குள் கழித்துக்கொண்டே போனேன். வெள்ளி, செவ்வாய் முழுநாளும் போயிற்று. மற்ற நாட்களில் முதல் வியாபாரம் ஆகும்வரை கூடாது. விளக்கு வைக்கும் நேரம் கூடாது. வண்டி பாரம் ஏற்றும் வியாழன் கூடாது. அமாவாசை கூடாது. ஒரு கைம்பெண் அவர் கடைக்குள் வந்துபோக வாரத்தில் ஒன்பது மணி நேரம் மிச்சம் இருந்தது. அந்த ஒன்பதிலும் பின்வாசல் வழியாகத்தான். பாங்கு அவளை நேரில் அறிந்த மனிதனைக் கேட்கிறது. இங்கே இருக்கிற மனிதனோ அவள் முகம் எதிரில் வராமலிருக்க நாள் பார்க்கிறான்.

அக்காவிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

"போணிக்கு அப்பறம் வரச் சொன்னாராக்கும்? சரி, நடக்கறதுக்கு மூனு மணி நேரம் ஆவும். மெதுவாவே கெளம்பலாம். வெயில் நம்மள ஒன்னும் சொல்லாது."

திங்கட்கிழமை ஒன்பது மைல் நடந்து பின்வாசல் வழியாகப் போனோம். புளி மூட்டைகளுக்கு நடுவே ஒரு பாயில் அக்காவை உட்கார வைத்தார்கள். மண்டிக்காரர் எட்டி நின்று பார்த்தார். நான் எண்ணினேன். பதினொன்று எண்ணுவதற்குள் திரும்பிவிட்டார். பிறகு தாளை எடுத்து, எத்தனை வருஷப் பழக்கம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"எத்தனை வருசம்னு போடட்டும்? கொறைச்சலாப் போட்டா ஒத்துக்க மாட்டான்."

பத்து என்று எழுதினார்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "அவுரு என்னப் பாத்தாரோ இல்லியோ, நான் அவரப் பாத்துட்டேன். மேல்வரிசையில ரெண்டு பல்லு தங்கம்."

அடுத்தது கையெழுத்து. பாங்கு ஒரு அட்டை அனுப்பியிருந்தது, அதில் மூன்று கட்டம். ஒவ்வொன்றிலும் கணக்குக்காரர் ஒரு மாஜிஸ்திரேட் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இனி என்றென்றும் அந்தக் கையெழுத்துதான் அவள். அக்காவுக்கு எழுதத் தெரியும். மாமா முதல் தடவை கப்பலேறியபோது, அவருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து என்னிடம் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படியே அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். முதலில் பிள்ளையார் சுழி, பிறகுதான் மற்ற எழுத்து. அவள் பெயரில் ஏழு எழுத்து. அந்த ஏழையும் கோலம் போடுவது போல நிதானமாக, ஒன்றின் மேல் ஒன்று இடிக்காமல் எழுதுவாள்.

தருமபுரி தாலுகா கச்சேரியில் எங்களைக் காலையிலிருந்து உட்கார வைத்தார்கள். தாழ்வாரத்தில் பன்னிரண்டு தூண். அதில் நான்கு தூணில் வெற்றிலைச் சுண்ணாம்பு தடவியிருந்தது. மூன்று மணிக்குக் கூப்பிட்டபோது நானும் எழுந்தேன். சேவகன் கையை நீட்டி மறித்தான்.

"பொம்பள மட்டும். நீங்க வெளிய இருங்க. கூட நின்னு சொல்லிக்குடுத்து எழுத வெச்சாங்கன்னு நாளைக்குப் பேச்சு வரும்."

அக்கா தனியாகப் போனாள், தனியாகக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி அட்டையை உறையில் வைத்து, அரக்கு வைத்து, தானே தபாலுக்குக் கொடுத்துவிட்டார். அந்த அட்டையை நான் பார்க்கவில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐப்பசியில் கணக்குப் புத்தகம் வந்தது. பழுப்பு அட்டை, உள்ளே இருபத்துநான்கு பக்கம். முதல் பக்கத்தில் அக்காவின் பெயர். தோட்டத்துத் தொகை வரவு வைக்கப்பட்டிருந்தது. கூடவே பணம் எடுக்கும் தாள்கள் ஐந்து. தாளில் கையெழுத்திட்டு அனுப்பினால் பாங்கு பணத்தை இங்கே அனுப்பும். கணக்கு இருந்தால் அனுப்ப முடிகிறது, கணக்கு இல்லாமல்தான் முடியவில்லையாம். இதை யாராவது எனக்கு விளக்கினால் நன்றாக இருக்கும். இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

அக்கா புத்தகத்தைக் கேழ்வரகுப் பானைக்குள் துணி சுற்றி வைத்தாள். அவளுடைய ஓர்ப்படியாள், மூத்தாரின் பெண்டாட்டி, அதையும் மோப்பம் பிடித்துவிட்டாள்.

"பினாங்கு மகராணி! கணக்குப் பொஸ்தகம் பானைக்குள்ள பத்தரமா இருக்குதா? செத்த எந்திரிச்சி களியக் கெளறு. மகராணி கையால தின்னாத்தான் எறங்குது."

அக்கா, "மகராணி கெளறுனா கட்டி வுழாதுக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

பணம் எடுக்கும் தாளை நான்தான் நிரப்பினேன். என் இங்கிலீஷ் எழுத்து அச்சுப் போல இருக்கும். கீழே அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பேனாவை மையில் தோய்த்து, கோட்டுக்கு மேலே கொஞ்சம் தூக்கிக் கொண்டுபோனாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சுழி வேண்டாங்கா."

"சுழி போடாமயா?"

"இது இங்கிலீஷ் காயிதம். துரைங்க பாக்கறது. அதுல போயி பிள்ளையார் சுழி போட்டா சிரிப்பாங்க."

"நீ சொன்னாச் சரி" என்று ஏழு எழுத்தை மட்டும் எழுதினாள்.

தை வந்தது. பெரியவரிடம் போய் நின்றோம். கடிதம் கடலில் இருக்கிறது என்றேன். மாசியில் பதில் வந்தது. உறையைப் பிரித்துப் பார்த்து, மறுபடி ஒட்டி, முத்திரை குத்தியிருந்தார்கள். சண்டைக் காலமாம், எந்தக் கடிதத்தையும் படிப்பார்களாம். அத்தனை பேர் படித்த கடிதத்தில் ஒரே விஷயம்தான்: கையெழுத்து, எங்களிடமுள்ள மாதிரியோடு ஒத்துப்போகவில்லை.

நான் அக்காவின் மேல்தான் எரிந்து விழுந்தேன். கை நடுங்கியிருக்கும், அவசரப்பட்டிருப்பாய் என்றேன். ஒரு சிலேட்டைக் கொடுத்து, தினம் நாற்பது தடவை எழுதச் சொன்னேன். எழுதியதை எண்ணினேன். முப்பத்தெட்டு எழுதியிருந்தால் இன்னும் இரண்டு என்றேன்.

"களத்துல கேவுரு காயுது, நீ என்னடான்னா கணக்குப் பாக்கற. ஆயிரம் எழுதுனாலும் நான் இதே ஆளுதான்டா" என்றாள். ஆனாலும் எழுதினாள்.

பங்குனியில் இரண்டாவது தாள் போயிற்று. ஏழு எழுத்தும் முத்து முத்தாக இருந்தன. ஆனியில் திரும்பி வந்தது. அதே வாக்கியம், அதே இடத்தில் அதே புள்ளி. ஒரு மனிதன் பதினொன்று எண்ணும் நேரம் பார்த்துவிட்டுப் பத்து வருஷப் பழக்கம் என்று எழுதியதை அந்த பாங்கு ஒரு கேள்வி கேட்காமல் விழுங்கியது. ஒரு பெண் தன் பெயரைத் தன் கையால் எழுதினால் அது மட்டும் அவர்களுக்குப் பொய். ஆடியில் அவர்களுக்கு நான்கு பக்கம் எழுதினேன். அந்தக் கடிதத்தில் மரியாதை மிகவும் குறைவு. ஒத்துப்போகவில்லை என்றால் எங்கே ஒத்துப்போகவில்லை, எழுத்தைச் சுட்டிக்காட்டுங்கள் என்று கேட்டிருந்தேன்.

புரட்டாசியில் பதில் வந்தது. இரண்டே வரி. வாடிக்கையாளரின் கையெழுத்தில் ஒரு பகுதி விடுபட்டுள்ளது, முழுக் கையெழுத்தை இடவும்.

எண்ணிப் பார்த்தேன். ஏழும் இருந்தன. திரும்ப எண்ணினேன். புள்ளிகளைத் தனியாக எண்ணினேன். மூன்று நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். நான்காம் நாள் அக்கா காட்டிலிருந்து வந்து கேட்டாள்.

"என்னதான்டா எழுதியிருக்கான்?"

"கையெழுத்துல ஏதோ ஒரு துண்டு விட்டுப்போச்சாம்."

அவள் கையிலிருந்த களைவெட்டியைக் கீழே வைத்தாள்.

"சுழிதான்டா."

"என்ன சுழி?"

"அன்னிக்குக் கச்சேரியில சுழி போட்டுத்தானே எழுதுனேன். மூனு கட்டத்துலயும் போட்டேன். அந்த ஐயா கூட, மெதுவா எழுதும்மான்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு."

"ஏங்கா இத இத்தனை நாளாச் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? வேண்டாம்னு சொன்னவன் நீ. படிச்சவன் சொன்னா அது மாறியிருக்கும்னு நெனச்சேன்."

நான் அவளைத் திட்டினேனா, என்னைத் திட்டிக்கொண்டேனா, இப்போது நினைவில்லை. ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. வாசற்படியிலிருந்து கச்சேரித் தூண்வரை எல்லாவற்றையும் எண்ணுகிறவன் நான். அந்த ஒரு சுழியை நான் எண்ணவே இல்லை. எழுதுகிறவர்கள் யாரும் அதை எண்ணுவதில்லை. மூச்சு இழுத்துவிட்டுப் பேசுகிறோம், மூச்சை வார்த்தை என்று யார் கணக்கு வைக்கிறார்கள்? பினாங்கில் எவனோ ஒருவன் கண்ணாடியை வைத்து எட்டு உருவம் என்று எண்ணி வைத்திருக்கிறான்.

என் தப்பு இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த பாங்கில் ஒரு தமிழன்கூடவா இல்லை? இருந்திருப்பான். கதவு திறந்துவிடும் வேலையில் இருந்திருப்பான். அவனைக் கூப்பிட்டு அட்டையைக் காட்டியிருந்தால், இது பெயர் அல்ல ஐயா, எங்கள் ஊரில் எதையும் இப்படித்தான் ஆரம்பிப்போம் என்று ஒரு நொடியில் சொல்லியிருப்பான். கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது தாளை ஐப்பசியில் அனுப்பினோம். அக்கா சுழியை மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள். பெரியவர் இரண்டாவது தைவரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். கார்த்திகை முடிவதற்குள் ஜப்பான்காரன் பினாங்கில் குண்டு போட்டான். அந்தச் செய்தியைத் தருமபுரி ரயில் நிலையத்தில் யாரோ ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்கக் கேட்டேன். ஒன்பது மைல் நடந்து வந்து அக்காவிடம் சொன்னேன்.

"அங்க கூலிச் சனங்க இருப்பாங்களே" என்றாள் முதலில். பிறகு, "காடு போச்சா?" என்று கேட்டாள்.

தையில் காடு போயிற்று. பெரியவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. இருபத்தொரு மாதம் காத்திருந்தார். பத்திரத்துக்கு முன்னால் எங்களிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் போனார். "எனக்கு வேற வழி இல்ல அம்மணி" என்று சொன்னபோது அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவது தாள் மாதக் கணக்கில் சுற்றிவிட்டு, தபால் போக்குவரத்து இல்லை என்ற முத்திரையோடு எங்களிடமே திரும்பி வந்தது. உறையைப் பிரித்தேன். எட்டும் சரியாக இருந்தன.

அந்தச் சித்திரையில் அக்கா மூத்தார் வீட்டை விட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் வீட்டில் ஒரு சொல் யாரும் அவளைச் சொன்னதில்லை. ஆனாலும் அது என் மனைவியின் அடுப்பு. அக்கா அந்த அடுப்பில் கேட்காமல் ஒரு விறகைத் தள்ளியதில்லை.

சண்டை முடிந்து பாங்கு மறுபடி திறந்த செய்தி வந்ததும் எழுதினேன். கணக்கு பத்திரமாக இருக்கிறது என்று பதில் வந்தது. ஆனால் சண்டையில் மாதிரிக் கையெழுத்து அட்டைகள் அழிந்துபோயினவாம். ஆகவே புதிதாகக் கணக்குத் தொடங்குவது போலவே எல்லாம் செய்ய வேண்டும், தாள் இணைக்கப்பட்டுள்ளது. எண்ணினேன். இந்தத் தடவை பதினாறு கேள்விகள். கூடுதலான இரண்டில் ஒன்று: எதிரியின் ஆக்கிரமிப்புக் காலத்தில் எங்கே இருந்தீர், என்ன செய்தீர்?

அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "இண்டூர்ல களி கிண்டிக்கிட்டு இருந்தேன்னு எழுது" என்றாள். அப்படியே எழுதினேன். அவர்களுக்குப் புரியும்படி, சமையல் செய்தேன் என்று.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. புளி மண்டிக்காரர். இளைத்துப்போயிருந்தார், தங்கப் பல்லில் ஒன்று இல்லை. வாசல் தெளித்துக்கொண்டிருந்தது அக்காதான். அவர் கண்ணில் முதலில் பட்டவளும் அவள்தான். வாளியோடு நிமிர்ந்தாள்.

"வாங்க மொதலாளி. போணி ஆயிடுச்சுங்களா? இல்லைன்னா சொல்லுங்க, நான் உள்ள போயிக்கறேன்."

அவர் தலைகுனிந்து நின்றார். "அதெல்லாம் இப்ப எதுக்குங்கம்மா" என்றார். அவர் வந்த காரியம் இதுதான். அவருக்கும் அதே பதினாறு கேள்விகள் வந்திருந்தன. அவரை நேரில் அறிந்த, அந்த பாங்கில் கணக்குள்ள ஒருவர் கையெழுத்திட வேண்டும். பினாங்கில் அவர் அறிந்த நான்கு பேரில் இருவர் இல்லை, இருவர் எங்கே என்று தெரியவில்லை. தருமபுரித் தாலுகாவில் அந்த பாங்கில் கணக்குள்ள இன்னொரு ஆள் என் அக்கா ஒருத்திதான்.

அவர் அக்காவை அறிமுகம் செய்தார், அக்கா அவரை அறிமுகம் செய்தாள். இரண்டு தாளும் ஒரே உறையில் போயின. பாங்கு ஒத்துக்கொண்டது! தனியே நிற்காத இரண்டு தட்டியை ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து நிறுத்தியது போல இருந்தது எனக்கு. அக்காவின் தாளில் எத்தனை வருஷப் பழக்கம் என்ற இடம் வந்தபோது மண்டிக்காரர், "அன்னிக்கு மாதிரி பத்துன்னே போட்டுடுங்க" என்றார்.

"பொய் எதுக்குங்க? ஆறு வருசந்தானே ஆவுது. ஆறுன்னே போடு தம்பி" என்றாள் அக்கா.

கச்சேரியில் இந்தத் தடவை என்னை உள்ளே விட்டார்கள். அக்கா மூன்று கட்டத்திலும் எழுதினாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் ஆவணியில் பணம் வந்தது. ஆக மொத்தம் ஏழு வருஷம், பத்தொன்பது கடிதம். இதற்குள் நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. அந்தக் கிணற்றுக்காட்டை வாங்கியவர் இப்போது கேட்ட விலையில் அக்காவின் தொகைக்குக் கிணற்றின் ஒரு கைப்பிடிச் சுவர்கூட வராது. அதை ஒட்டியிருந்த மேட்டுக்காட்டில் முக்கால் ஏக்கர் கிடைத்தது. கிணறு இல்லை. மழை பெய்தால் சாமை விதைக்கலாம். ஒரு குடிசை போட்டுக்கொள்ளலாம். தண்ணீருக்கு அவள் பேசி வைத்திருந்த அதே கிணற்றுக்குப் போய், அடுத்தவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். குடிசை வாசலிலிருந்து கிணற்றுமேடு நூற்று எண்பத்தாறு அடி. நான்தான் நடந்து எண்ணினேன். அக்கா எண்ணவில்லை. "அடுப்பு என்னதுதானே" என்றாள்.

பத்திரம் பதிய ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா தாளைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போடும் இடத்தைப் பென்சிலால் காட்டினார். அக்கா பேனாவை வாங்கி, அந்த இடத்துக்குச் சற்று மேலே கொண்டுபோனாள்.

"சுழியெல்லாம் எதுக்கும்மா? பத்திர எழுத்தரே மேல போட்டிருக்காரு. நீ பேர மட்டும் போடு" என்றார் குமாஸ்தா. கெட்ட மனிதர் அல்ல. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"அது அவங்க கையெழுத்துங்க! எட்டு எழுத்து. சுழியும் சேர்ந்துதான் கையெழுத்து. அதை வேண்டாம்னு சொல்ல நீங்க யாருங்க? எந்த பாங்குங்க நீங்க?"

ஆபீசில் இருந்த ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குமாஸ்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

அக்கா நிமிரவே இல்லை. சுழியைப் போட்டு முடித்து, முதல் எழுத்தில் பேனாவை வைத்திருந்தாள்.

"கத்தாதடா" என்றாள். "எழுத்து கோணிக்கப் போவுது."